அரிதாரத்துக்கு ஏது கோத்திரம்?

“இரத்தத்திலே ஊறிய கலை!”

பாராட்டு மேடையிலே இந்தச் சொற்றொடரைக் கேட்கிறோம், பத்திரிகையிலே படிக்கிறோம், திரைப்படச் சுவரொட்டியின் கீழே நின்று இளைஞர்கள் இதையே எதிரொலிக்கக் காண்கிறோம். பாட்டன் நடித்தான், தந்தை நடித்தான், ஆகவே மைந்தன் நடிக்கிறான். குருதி பேசுகிறது, குலம் பேசுகிறது என்று கூறிப் பூரிக்கிறார்கள். பூரிப்போர் அனைவரும் பழமை விரும்பிகளாக இருந்தால் கவலையில்லை. மாலைக் கூட்டத்திலே சாதி ஒழிக என்று முழங்கிவிட்டு, இரவுக் காட்சியிலே ‘வாரிசு’ நடிகருக்கு வாழ்த்தொலி எழுப்பும் தோழர்களும் அந்தக் கூட்டத்திலே இருக்கிறார்கள். அதனாலேதான் இதை எழுத வேண்டி வந்தது.

நடிப்பு குருதியிலே வருமென்றால், வேதம் ஓதும் தகுதியும் குருதியிலேதான் வரும். அரசாளும் உரிமையும் குருதியிலேதான் வரும். சாக்கடையிலே இறங்கும் ‘கடமை’யும் குருதியிலேதான் வரும். ஒன்றை ஒப்புக்கொண்டு மற்றதை மறுக்க வழியில்லை. முன்வாசலிலே நாம் விரட்டிய வருணாசிரமம், முகத்திலே அரிதாரம் பூசிக்கொண்டு பின்வாசல் வழியே நுழைகிறது. வேடம் நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கைதட்டி வரவேற்பதா?

இந்தப் புகழ்மொழிக்கு இரட்டை நாக்கு உண்டு. பங்களாவும் பட்டமும் பணமும் உள்ள வீட்டிலே மூன்று தலைமுறை நடித்தால் அது ‘கலைக் குடும்பம்’. கிருஷ்ணகிரிச் சீமையிலே, கிரீடத்தையும் புஜக்கட்டையையும் மூட்டையாகக் கட்டித் தலையிலே சுமந்து, ஊர் ஊராக நடந்து, மூன்று தலைமுறை ஆடினால் அது ‘கூத்தாடிக் கூட்டம்’. முன்னது விருது, பின்னது வசை. கொள்கையை மேடையேற்றிய அண்ணாவையும் அவர் தோழர்களையும் இழித்துரைக்க எதிரிகள் தேடி எடுத்த சொல்லும் ‘கூத்தாடி’தானே! குருதிதான் கலையின் ஊற்று என்றால், இரு வீட்டிலும் ஓடுவது குருதிதான். ஒரு வீட்டுக் குருதிக்கு மாலையும், மறு வீட்டுக் குருதிக்குச் சாணியும் ஏன்? போற்றப்படுவது கலையா, காசா? விடையை அவர்களே சொல்லட்டும்.

* * *

எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியிலே கோடை வந்தால் பாரதக் கூத்து வரும். பகலெல்லாம் பாரதச் சொற்பொழிவு, இரவெல்லாம் கூத்து. அருச்சுனன் தபசுக்கு உயர்ந்த கம்பம் நடுவார்கள். இறுதி நாளிலே மண்ணால் துரியோதனனை வடித்துப் படுகளம் நடத்துவார்கள். அந்தக் கதையைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு. ஐவருக்கு ஒருத்தியைப் பங்கிட்டு, அவளையே பணயமாக வைத்துச் சூதாடியவர்களைத் தருமவான்கள் என்று ஒப்புக்கொள்ள நம்மால் இயலாது. ஆனால் விடிய விடிய ஆடுகிறானே ஒரு மனிதன், ஒலிபெருக்கி ஓய்ந்தாலும் ஓயாத குரலிலே பாடுகிறானே, பொழுது புலர்ந்ததும் அரிதாரத்தைக் கழுவிவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறானே, அவனுடைய உழைப்பை மதிக்காதவன் பகுத்தறிவாளன் அல்லன்.

அந்த மனிதனிடம் போய், “இது உன் இரத்தத்திலே ஊறியது, உன் மகனும் இதையே ஆட வேண்டும், இல்லாவிட்டால் கலை அழிந்துவிடும்” என்று புத்தி சொல்கிறார்கள் புரவலர்கள். சொல்பவரின் மகன் எங்கே படிக்கிறான்? பெங்களூரிலே பொறியியல்! கலையைக் காக்கும் கடமை கூத்தாடுபவன் பிள்ளைக்கு. கணினியைக் கற்கும் உரிமை புரவலர் பிள்ளைக்கு. நல்ல பங்கீடு! மனு இருந்திருந்தால் மனமகிழ்ந்து தலையசைத்திருப்பான்.

குருதிவாதத்தை மறுக்கப் பெரிய நூலகம் எதுவும் தேவையில்லை; ஓசூர்ப் பேருந்து நிலையத்திலே காலை வேளையிலே அரைமணி நேரம் நின்றால் போதும். சிப்காட் தொழிற்பேட்டைக்குச் செல்லும் பேருந்துகளைப் பாருங்கள். அரை நூற்றாண்டுக்கு முன்னே இந்த மண்ணிலே கேழ்வரகு விளைந்தது, அவரை விளைந்தது. ஆலைச் சங்கு ஒலித்ததில்லை. 1970-களிலே தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டு வந்தது, டி.வி.எஸ். வந்தது; 1980-களிலே டைட்டன் வந்தது. லேத்து ஓட்டிய பாட்டன் எவருக்கு இருந்தான்? கைக்கடிகாரத்தின் பல்சக்கரத்தைப் பொருத்திய பாட்டி எவருக்கு இருந்தாள்? சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள் பயிற்சி பெற்றார்கள், பழகினார்கள், கைதேர்ந்தார்கள். மயிரிழை பிசகினாலும் ஓடாத கடிகாரத்தை, ஏர் பிடித்தவன் மகளின் விரல்கள் பொருத்தின. தொழிற்சாலை வாயிலிலே பயிற்சிச் சான்றிதழைக் கேட்டார்கள். பாட்டன் பெயரைக் கேட்கவில்லை. இரும்புக்குத் தெரிந்த இந்த உண்மை, அரிதாரத்துக்கு மட்டும் தெரியாமலா போகும்?

* * *

“நாடக வரலாறு வேறு விதமாகச் சொல்கிறதே” என்பார்கள். சரி, வரலாற்றையே அழைப்போம் சாட்சிக் கூண்டுக்கு.

தமிழிலே நாடகக் குடும்பம் என்றதும் முதலிலே நினைவுக்கு வருபவர்கள் டி.கே.எஸ். சகோதரர்கள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி என நால்வர். தந்தையார் கண்ணுசாமிப் பிள்ளை, ஸ்திரீபார்ட் நடிகர். குருதிவாதிகளுக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது. ஆனால் சற்றே உள்ளே சென்று பாருங்கள். 1918-ஆம் ஆண்டிலே மதுரையிலே சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நடத்தத் தொடங்கினார். ஆறு வயதுச் சிறுவனாகச் சண்முகம் அங்கே சேர்ந்தார். பாட்டுப் பாடம், வசனப் பாடம், தாளப் பாடம், மேடையிலே நிற்கும் பாடம், நடக்கும் பாடம் — நாள்தோறும் பயிற்சி. பின்னாளிலே ஔவையார் வேடமேற்று, முதுகு வளைந்து, குரல் நடுங்கி, நாட்டையே வியக்க வைத்து ‘அவ்வை சண்முகம்’ என்று பெயர் பெற்றாரே, அந்த வளைவும் நடுக்கமும் தந்தை வழி வந்த சொத்தல்ல; ஆசிரியரிடம் பயின்று, ஆண்டுக்கணக்கிலே உழைத்துச் சேர்த்த செல்வம்.

அந்த ஆசிரியரின் கதை என்ன? தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் எந்த நாடகக் குடும்பத்தின் வாரிசு? 1867-இல் தூத்துக்குடிக்கு அருகே காட்டுநாயக்கன்பட்டியிலே பிறந்தவர். தமிழ் படித்தவர். உப்புப் பண்டகசாலையிலே கணக்கு எழுதியவர். இருபத்து நான்கு வயதிலே நாடகத்துக்கு வந்தவர்! உப்புக் கணக்கு எழுதிய கை, ஒரு தலைமுறை நடிகர்களுக்கே உரையும் பாட்டும் எழுதிக் கொடுத்தது. குருதிவாதம் இந்த ஒரு மனிதர் முன்னாலேயே தலைகவிழ வேண்டும்.

பம்மல் சம்பந்த முதலியார்? 1891-இல் சென்னையிலே சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தவர். தொண்ணூறுக்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதியவர். வழக்கறிஞர், பின்னாளிலே நீதிபதி. அவருக்குள்ளே ஆர்வத் தீயை மூட்டியது பாட்டன் புகழன்று. பல்லாரியிலிருந்து வந்து தெலுங்கிலே நாடகம் நடத்திய குழு ஒன்று. கண்டார், கருத்து எழுந்தது, முயன்றார், முடித்தார். மொழியின் எல்லையைக்கூடத் தாண்டும் கலை, குடும்பத்தின் கொல்லைப்புறத்திலே கட்டுண்டா கிடக்கும்?

இன்னும் எண்ணிக்கொண்டே போகலாம். நாடகக் கொட்டகையிலே சோடா விற்ற சிறுவன் ஒருவன், டி.கே.எஸ். சகோதரர்களின் குழுவிலே சேர்ந்தான். நகைச்சுவையாலே நாட்டைச் சிந்திக்க வைத்தான். அவர்தான் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அதே குழு, அதே கொட்டகை. நடிகரின் மைந்தரும் சோடா விற்ற பிள்ளையும் அருகருகே வளர்ந்தார்கள். எவர் குருதி உயர்ந்தது? வீட்டோடு கோபித்துக்கொண்டு ஓடிவந்து நாடகக் குழுவிலே சேர்ந்த பிள்ளை, பின்னாளிலே ‘ரத்தக் கண்ணீர்’ நாடகத்தாலே வைதிகத்தை நடுங்க வைத்த எம்.ஆர். இராதா. இரயில்வே ஊழியராயிருந்து விடுதலைப் போரிலே சிறை சென்றவர் மகன், அண்ணா எழுதிய நாடகத்திலே சிவாஜியாக நடித்து, பெரியார் வாயாலேயே அந்தப் பெயரைப் பெற்ற கணேசன். இரயிலிலே பாடி வந்த கொடுமுடிச் சிறுமி, கே.பி. சுந்தராம்பாள். இவர்களுக்கெல்லாம் எந்தப் பாட்டன் எழுதி வைத்தான் நடிப்பை?

இவர்களிலே பலருக்கும் பொதுவாக இருந்தது ஒன்று உண்டு. அது குருதி அன்று, வறுமை! பள்ளிக்கு அனுப்ப வழியின்றி, இரு வேளைச் சோறு கிடைக்குமே என்று பெற்றோர் பிள்ளைகளைப் பாய்ஸ் கம்பெனியிலே விட்டார்கள். தந்தையை இழந்து வறுமையிலே வாடிய எம்.ஜி. இராமச்சந்திரனும் அப்படித்தான் சிறு வயதிலே மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனிக்குச் சென்றார். எத்தனை பிள்ளைகள் புகழ் பெறாமலே போனார்கள்! குரல் இனித்திருந்தவரை ராஜபார்ட். மகரக்கட்டு வந்து குரல் உடைந்த நாளிலே மூலையிலே இடம். படிப்பும் இல்லை, பாட்டும் இல்லை, திரும்பிச் செல்ல வீடும் இல்லை. வென்ற பத்துப் பேரின் படத்தை மாட்டிவிட்டு, ‘கலை மரபு’ என்று மாலை போடுகிறோம். தோற்ற பிள்ளைகளின் பட்டியலை எந்தச் சுவரிலே எழுதி வைத்திருக்கிறோம்?

* * *

குடும்பக் குழுக்கள் செய்த தொண்டை மறைப்பது நேர்மையாகாது. மறைக்கவில்லை, பாராட்டுகிறோம். கடப்பை மாவட்டத்துச் சுரபி என்னும் சிற்றூரிலே 1885-இல் வனாரச கோவிந்தராவ் தொடங்கிய தெலுங்கு நாடகக் குழு, ஒரே குடும்பத்தாராலே தலைமுறை தலைமுறையாக நடத்தப்பட்டு வருகிறது. ஓசூரைத் தாண்டி வடமேற்கே சென்றால் குப்பி. அங்கே 1884-இல் எழுந்த நாடகக் குழு, வீரண்ணாவின் காலத்திலே கன்னட நாட்டின் பெருங்குழுவாக ஓங்கிற்று. அந்தக் குழுவிலே நடித்த புட்டசாமையாவின் மகன்தான், நம் தாளவாடிக்கு அருகே காஜனூரிலே பிறந்து கன்னடத் திரையை ஆண்ட இராஜ்குமார். தமிழகத்திலே புரிசைத் தம்பிரான் குடும்பம் தெருக்கூத்தைப் பல தலைமுறையாகக் காத்து நிற்கிறது. இவர்களெல்லாம் இல்லாதிருந்தால், இன்று நாம் பேசுவதற்கே ஒரு கலை இருந்திராது.

ஆனால் இந்தக் குடும்பங்கள் எதைக் கொடுத்தன பிள்ளைகளுக்கு? பள்ளியைக் கொடுத்தன! நாடகத்துக்குப் பள்ளி இல்லாத நாட்டிலே, வீடே பள்ளியாயிற்று, தந்தையே வாத்தியாரானார், திரைக்குப் பின்னே தொங்கிய தொட்டிலிலே கிடந்த குழந்தைக்குக்கூடத் தாளம் காதிலே விழுந்தது. கம்மாளன் வீட்டுக் குழந்தை சம்மட்டி ஓசை கேட்டு வளர்வதைப் போலத்தான் இதுவும். ஓசை காதிலே விழுந்ததற்குக் காரணம் அருகிலே இருந்தது. குருதியிலே கலந்தது அன்று. அருகிலே இருக்கும் வாய்ப்பை அனைவருக்கும் அளித்துப் பாருங்கள், அதே தாளம் அத்தனை காதிலும் விழும்.

புரிசைக் கண்ணப்பத் தம்பிரான் அதைச் செய்து காட்டினார். 1977-இல் ந. முத்துசாமி சென்னையிலே தோற்றுவித்த கூத்துப்பட்டறையின் நடிகர்களுக்கு, கூத்துக் குடும்பத்திலே பிறவாத நகரத்து இளைஞர்களுக்கு, அடவையும் பாட்டையும் கற்றுக் கொடுத்தார். கற்றார்கள், ஆடினார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே, தந்தையின் குழுவிலே சிறுவனாகவே ஆடத் தொடங்கிய பெ. இராஜகோபால், 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்திலே, ஏட்டுக் கல்வியோடு கூத்தையும் கற்பித்தார். ஆண்களே ஆடிவந்த கூத்திலே பெண் பிள்ளைகளுக்கும் இடம் கொடுத்தார். பரம்பரையிலே பிறந்தவர்களே பரம்பரையின் பூட்டைத் திறந்துவிட்டார்கள். வெளியே நிற்கும் புகழ்பாடிகளோ, அந்தப் பூட்டுக்குப் பூசை செய்துகொண்டிருக்கிறார்கள்!

* * *

“உள்நாட்டுக் கதை இருக்கட்டும், முன்னேறிய மேனாட்டிலும் நாடகக் குடும்பங்கள் தழைக்கவில்லையா? அமெரிக்காவைப் பாருங்கள்” என்று மடக்க வருவார்கள். பார்ப்போமே, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவை.

அங்கே பூத் குடும்பம் புகழ்க்கொடி நாட்டிற்று. மூத்தவர் ஜூனியஸ் புரூட்டஸ் பூத். இலண்டனிலே வழக்கறிஞர் ஒருவருக்கு மகனாகப் பிறந்தவர். நடிகர் மகன் அல்லர் என்பதை முதலிலே குறித்துக்கொள்ளுங்கள். 1821-இல் அமெரிக்கா சென்றார். ஷேக்ஸ்பியர் நாடகங்களிலே பெயர் பெற்றார். அவருடைய மைந்தருள் மூவர் நடிகரானார்கள். 1864 நவம்பர் 25 அன்று நியூயார்க்கிலே, ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்திலே மூவரும் ஒரே மேடையிலே தோன்றினார்கள். மூத்த மகன் காசியஸ், எட்வின் புரூட்டஸ், வில்க்ஸ் ஆன்டணி. ஒரே தந்தை, ஒரே தாலாட்டு, ஒரே தொழில். ஐந்து திங்கள் முடியவில்லை. 1865 ஏப்ரல் 14 அன்று வாஷிங்டனிலே, ஃபோர்டு நாடகக் கொட்டகையிலே, அடிமை விலங்கொடித்த ஆபிரகாம் லிங்கனைச் சுட்டு வீழ்த்தினான் வில்க்ஸ் பூத். அவன் அண்ணன் எட்வினோ, லிங்கனுக்கு வாக்களித்தவர். இரயில் நிலையத்திலே தவறி விழவிருந்த லிங்கன் மகனைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றியவர்!

குருதிதான் பேசுகிறது என்கிறீர்களே, எந்த மகனிடத்திலே பேசிற்று? தந்தையைக் காத்து நின்று, ஊர் ஊராக உடன் சென்று, தொழிலைப் பயின்று, ஹாம்லெட் வேடத்தை நூறு இரவு தொடர்ந்து ஆடிய எட்வினிடத்திலா? கைத்துப்பாக்கியோடு கொட்டகை மாடத்திலே நுழைந்த வில்க்ஸினிடத்திலா? ஒரு குருதி இரு வேறு மனிதர்களை ஈன்றது. ஒருவனைக் கொள்கை உருவாக்கிற்று. மற்றவனை நிறவெறி உருவாக்கிற்று. குருதி வாய்மூடிக் கிடந்தது.

இன்னொரு குடும்பம் பாரிமோர் குடும்பம். அந்தப் பெயருக்கு அமெரிக்க மேடையிலே அரச மரியாதை. அந்தக் குலத்தின் தந்தை மாரிஸ் பாரிமோர் எங்கே பிறந்தார் தெரியுமா? நம் ஆக்ராவிலே, 1849-இல்! இயற்பெயர் ஹெர்பர்ட் பிளைத். நாடகம் ஆடினால் குடும்ப மானம் போகும் என்று அஞ்சி, வேறு பெயரைச் சூட்டிக்கொண்டார். ஆம், தோழர்களே! உலகமே வியக்கும் அந்தக் ‘குலப்பெயர்’, கூத்தாடி என்ற பழிக்கு அஞ்சி ஒட்டிக்கொண்ட வேடப்பெயர். அரிதாரத்துக்கு ஏது கோத்திரம்?

அவர் மணந்த பெண்ணின் தாய் லூயிசா டுரூ, 1861 முதல் பிலடெல்பியாவிலே ஆர்ச் தெரு நாடக அரங்கை முப்பது ஆண்டுக் காலம் தலைமையேற்று நடத்தினார். பெண் ஒருத்தி ஒரு நாடக நிறுவனத்தையே ஆண்டாள். சுரபியிலும் வீட்டுப் பெண்கள் தொடக்கக் காலத்திலேயே மேடையேறினார்கள். குடும்பக் குழு பெண்ணுக்கு இடம் தந்த இந்தப் பெருமையை ஒப்புக்கொள்வோம். அதே காலத்திலே நம் நாட்டு மேடையிலே, பெண் வேடத்தை ஆண் பிள்ளை கட்டினான். பெண் தானே வந்து நடித்தால், குடும்பப் பெண் அல்லள் என்று தூற்றினார்கள். ‘இரத்தத்திலே ஊறிய கலை’ என்று பேசும் வாய், தந்தையின் கலை மகளின் இரத்தத்திலே ஏன் ஊறவில்லை என்பதற்கு மட்டும் விடை சொல்வதில்லை. மகனுக்கு ஊறும், மகளுக்கு ஊறாது என்றால், அது குருதியா, குழாய்த் தண்ணீரா, வேண்டியபோது திறந்து வேண்டாதபோது மூட?

பரம்பரைப் புகழின் மறுபக்கத்தையும் அமெரிக்காவே காட்டுகிறது. ஜெஃபர்சன் குடும்பம் தலைமுறை தலைமுறையாக நடித்த குடும்பம். அதிலே தோன்றிய ஜோசப் ஜெஃபர்சன் முதன்முதலாகப் பெயர் பெற்றது எப்படி? நான்கு வயதுக் குழந்தையாக, முகத்திலே கரி பூசப்பட்டு, ‘ஜிம் குரோ’ என்ற பெயரிலே நீக்ரோ மக்களைக் கேலி செய்து ஆடிய ரைஸ் என்பவனோடு மேடையேறினான். வெள்ளைக் குழந்தைக்குக் கரி பூசி மேடை தந்த அந்த நாடு, கறுப்பு மனிதனுக்கு மேடை தந்ததா? 1821-இல் நியூயார்க்கிலே கறுப்பின மக்கள் தாங்களே ஒரு நாடகக் குழு அமைத்தார்கள்; ஷேக்ஸ்பியரை நடித்தார்கள். காவலர் புகுந்தனர், தொல்லை பெருகிற்று, சில ஆண்டுகளிலே குழு கலைந்தது. அதே நகரிலே பிறந்த ஐரா ஆல்ட்ரிட்ஜ் என்ற கறுப்பு இளைஞன் கடல் கடந்தான். ஒத்தெல்லோவாக, லியர் மன்னனாக, ஐரோப்பாவை ஆண்டான். 1867-இல் போலந்து மண்ணிலே மறையும்வரை, பிறந்த நாட்டு மேடைக்கு அவன் திரும்பவில்லை. பரம்பரை என்பது உள்ளே இருப்பவனுக்குத் தொட்டில். வெளியே நிற்பவனுக்குத் தாழ்ப்பாள்!

* * *

தாழ்ப்பாள் என்றதும் நம் மாவட்டத்துத் தொரப்பள்ளி நினைவுக்கு வருகிறது. ஓசூருக்கு அருகேயுள்ள அந்தச் சிற்றூரிலே பிறந்தவர் ஆச்சாரியார். சென்னை மாநிலத்தின் முதலமைச்சராக, 1953-இல் அவர் ஒரு கல்வித் திட்டம் கொண்டு வந்தார். பள்ளியிலே பாதி நேரம். மீதி நேரம் தந்தையின் தொழிலைக் கற்க வேண்டும். நாடு கொதித்தது, குலக்கல்வி என்று பெயரிட்டுக் கொளுத்தியது, 1954-இல் காமராசர் ஆட்சியிலே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. 2023-இல் ஒன்றிய அரசு கொண்டுவந்த விசுவகர்மாத் திட்டத்தை, பரம்பரைத் தொழில் என்ற நிபந்தனையோடு ஏற்க முடியாது என்று 2024-இல் தமிழ்நாடு மறுத்ததும் அந்தக் கொதிப்பின் தொடர்ச்சிதான்.

செருப்புத் தைப்பவன் மகன் செருப்பே தைக்க வேண்டுமா என்று கேட்ட நாம், கூத்தாடுபவன் மகன் கூத்தே ஆட வேண்டும் என்று சொன்னால் அது என்ன கல்வி? அதுவும் குலக்கல்விதான்! கலை என்ற பட்டாடை போர்த்திய குலக்கல்வி! கோயிலிலே ஆடும் கலையை ஒரு குலத்துப் பெண்களின் தலையிலே பிறப்பால் கட்டிய கொடுமையை எதிர்த்து மூவலூர் இராமாமிர்தத்தம்மையாரும் முத்துலட்சுமி ரெட்டியும் போராடினார்களே; 1947-இல் சட்டம் வந்ததே; அப்போதும் ‘கலை அழியும்’ என்றுதான் அலறினார்கள். கலை அழியவில்லை, இழிவுதான் அழிந்தது. இசைவேளாளர் குடும்பத்திலே பிறந்த கலைஞர், சிறுவனாய் நாகசுரம் பயிலச் சென்றபோது, மேலே துணியின்றி, துண்டை இடுப்பிலே கட்டி நிற்கவேண்டும் என்ற நிலை கண்டு, அந்தப் பயிற்சியையே உதறினார். அவருக்கு இசை வெறுப்பன்று. இசையோடு சேர்த்துக் கட்டியிருந்த பணிவு வெறுப்பு. ‘கலைக் குடும்பம்’ என்று வெளியிலிருந்து வியப்பவர்கள், அந்தத் துண்டு இடுப்பிலே இறங்கியதை எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆகவே, பகுத்தறிவாளர் கேட்க வேண்டியவை இரண்டு உரிமைகள். ஒன்று, வெளியேறும் உரிமை. கூத்துக் குடும்பத்துப் பிள்ளை மருத்துவராகலாம், மின்பொறியாளராகலாம், விரும்பினால் கூத்தராகவும் ஆகலாம். விருப்பம் அவனுடையது; அவளுடையது. மற்றொன்று, உள்ளே நுழையும் உரிமை. தந்தை ஆலைத் தொழிலாளி, தாய் பூ விற்பவள், வீட்டிலே பேசுவது தெலுங்கு, தெருவிலே கேட்பது கன்னடம், பள்ளியிலே படிப்பது தமிழ். எங்கள் எல்லையூரிலே இத்தகைய பிள்ளைகள் வகுப்புக்கு வகுப்பு இருக்கிறார்கள். மும்மொழியின் ஒலியும் நாவிலே புரளும் அந்தப் பிள்ளைகளைவிட நாடகத்துக்குத் தகுந்தவர் யார்? பாட்டன் ஆடவில்லை என்பதற்காக அவர்களுக்கு மேடை மறுக்கப்பட வேண்டுமா?

வழி இருக்கிறது. அரசு பள்ளிகளிலே ஓவியத்துக்கு ஆசிரியப் பணியிடம் உண்டு, உடற்கல்விக்கு உண்டு, நாடகத்துக்கு எங்கே? 2022-இல் தமிழ்நாட்டு அரசு பள்ளிகளிலே கலைத் திருவிழாவைத் தொடங்கியது நல்ல தொடக்கம். ஆனால் போட்டி நாளின் கைதட்டல் ஓய்ந்தபின், ஆண்டு முழுதும் கற்றுக் கொடுப்பவர் யார்? கோடை முடிந்ததும் கூலி வேலை தேடும் கூத்து வாத்தியார்கள் இருக்கிறார்களே, அவர்களை மாதச் சம்பளத்தோடு பள்ளிக்கு அழையுங்கள். தாள் நிரப்பிய கல்வித் தகுதியைக் கேட்காதீர்கள். தாளம் நிரம்பிய கையைப் பாருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் 2007-இல் அமைந்தது. முதுமையிலே உதவி தரட்டும், நன்று. ஆனால் உதவித் தொகையைவிட ஆசிரியர் நாற்காலி பெரிது. அது கலைஞனை இரவலனாக்காது, ஆசானாக்கும். அவன் மகனுக்கோ, கலையைத் தோளிலே சுமக்கும் கட்டாயம் நீங்கும். கலைக்கோ, ஒரு வீட்டுக்குப் பதில் ஓராயிரம் வீடு கிடைக்கும்.

இளந்தோழர்களே! உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே ஒரு நாடகக் குழு அமையுங்கள். பெண்கள் வரட்டும், பாதி வேடம் அவர்களுடையதாகட்டும். அருகிலே உள்ள கூத்து வாத்தியாரை அழைத்து, கீழே அமர்த்தாமல் நாற்காலியிலே அமர்த்தி, அடவு கற்றுக்கொள்ளுங்கள். பாரதக் கதை வேண்டாமென்றால், ஆலைக் கதையை ஆடுங்கள். ஒப்பந்தத் தொழிலாளியின் கண்ணீரை ஆடுங்கள். ஊரைவிட்டு ஓடி மணந்த இருவரைத் துரத்தும் சாதி வெறியை ஆடுங்கள். கட்டியக்காரன் இருக்கிறானே, கூத்திலே மன்னனையே கேலி செய்யும் உரிமை பெற்றவன், அவனைவிடச் சிறந்த பகுத்தறிவுப் பேச்சாளன் யார்? அவன் வாயிலே புதிய கேள்விகளை வையுங்கள்.

திரையிலே ஆனாலும், தெருவிலே ஆனாலும், அரசியல் மேடையிலே ஆனாலும், ‘இன்னார் மகன்’ என்று அறிமுகம் தொடங்கினால், கைதட்டும் முன்னே ஒரு கேள்வி கேளுங்கள்: “அது சரி, இவருக்கு என்ன தெரியும்?” தெரிந்தது நன்றாக இருந்தால் மனமாரக் கைதட்டுங்கள். அந்தக் கைதட்டல் உழைப்புக்கு. பிறப்புக்குக் கைதட்டும் பழக்கத்தை விட்டொழிக்காதவரை, சாதி ஒழிப்பு என்பதும் நாம் கட்டும் வேடங்களிலே ஒன்றாகவே இருக்கும்.